சீட்டியடிக்கும் சைலன்சர்

மகள் ஜகார்த்தா பக்கத்துப் பெக்காசியிலிருந்து வாங்கி வந்த கெட்டில் மறுபடியும் கருகிப் போனது. தண்ணீர் கொதித்தால் அதன் மூக்கிலிருந்து சீட்டியடிக்கும், ஓடிப்போய் அடுப்பை அணைத்தால் போதும் என்று சொல்லித்தான் அவள் கொடுத்துவிட்டுப் போனாள். ராசிகின் அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பழைய கிரைண்டரின் ஒயரை ஒட்டுப்போட்டுக்கொண்டிருந்தார். தண்ணீர் வற்றி, அடி நிறம் மாறி, தீய்ந்த வாடை மூக்கில் ஏறிய பிறகுதான் தலையைத் தூக்கினார்.

"டூப்ளிகேட் சாமான்" என்றார். "சீட்டியும் அடிக்கல, மண்ணும் அடிக்கல. மூக்கு ஓட்டையக் கொஞ்சம் பெரிசாத் துளைச்சு விடணும். ஊர் பூரா ஓடற வண்டிக்கு சைலன்சர் செஞ்சு அனுப்பறவன், ஒரு கெட்டில் மூக்கு செய்யத் தெரியாதா எனக்கு?"

அவர் மனைவி வாசிரா அப்போதுதான் கடைத்தெருவிலிருந்து வந்து, வாசல் பக்கம் தன் கடைக்கு மெண்டோவான் பஜ்ஜி பொரிக்க உட்கார்ந்திருந்தாள். எழுந்து வந்து கெட்டிலைத் துணியால் பிடித்துத் தூக்கினாள், உள்ளே தண்ணீர் ஊற்றினாள், புகை போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

"துளைக்க வேண்டாம் பாக்னே. அப்படியே இருக்கட்டும்."

பிள்ளை பிறந்த நாளிலிருந்து அவள் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறாள், பிள்ளையின் அப்பா என்று. அவரும் அவளை மாக்னே என்பார். ஒருத்தர் பேரை ஒருத்தர் சொல்லி வருஷக்கணக்காகிறது.

ராசிகின் புர்பலிங்காக்காரர். அவர் தெருவில் வீட்டுக்கு ஒரு பட்டறை. முன்னறையில் விருந்தாளி உட்காருவான், பின்னறையில் வெல்டிங் பொறி பறக்கும். அவருடைய அப்பா அதே பின்னறையில் செப்புத் தகட்டைத் தட்டிச் சோறு அவிக்கும் பானை செய்தவர். பானையை ஜனங்கள் வாங்குவது நின்றது, மோட்டார் சைக்கிள் வாங்குவது ஆரம்பித்தது. அதே கட்டைச் சுத்தியலால் அதே தகட்டைச் சுருட்டி சைலன்சர் செய்தார்கள். அதில் யாரும் உட்கார்ந்து அழவில்லை. பானை வாங்கினவன் அதைப் பேரன் காலம் வரை வைத்திருப்பான். சைலன்சர் வாங்கினவன் அடுத்த மாதமே இன்னொன்று கேட்பான். எது நல்ல தொழில் என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம்.

படிப்பு நாலாம் வகுப்பு. போதும் என்று அவரும் சொன்னார், பள்ளிக்கூடமும் சொன்னது. அன்றிலிருந்து பட்டறைதான். என்ஜினிலிருந்து கிளம்பும் குழாயை வளைப்பதில் அவரைத் தெருவில் மிஞ்சியவன் இல்லை. கிளாவிங் ஆற்று மணலை வாணலியில் வறுத்து, சூடு ஆறியதும் குழாய்க்குள் இடித்து நிரப்பி, ரெண்டு வாயையும் கட்டையால் அடைத்து, நெருப்பில் காட்டி வளைக்க வேண்டும். மணல் இருந்தால்தான் வளைவில் குழாய் நசுங்காது. மணலில் ஒரு சொட்டு ஈரம் இருந்துவிட்டாலோ, ஆவி கிளம்பி அடைப்பைப் பிய்த்துக்கொண்டு பாயும். வாலிப வயதில் அப்படிப் பாய்ந்த ஒரு கட்டை சுவரைத் தாண்டிப் போய், பின் தெருவில் ஒரு வீட்டுத் தண்ணீர் ஜாடியை உடைத்தது. ஜாடிக்குப் பக்கத்தில் நின்ற பெண் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. ராசிகின் புது ஜாடி ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்கப் போனார். திரும்பி வரும்போது ஏறக்குறைய மாப்பிள்ளை. வாசிரா இன்றைக்கும் வாடிக்கைக்காரர்களிடம் சொல்லுவாள், "என்னைக் கட்டிக்கறதுக்கு இவர் குண்டு போட்டாரு" என்று.

வளைத்த குழாய்க்கு அடுத்தது, பின்னால் வருகிற முழங்கை நீள உருளை. உள்ளே ஒரு துளைக்குழாய், அதைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சு, அதற்கு மேல் தகட்டு உறை. துளைக்குழாயில் சல்லடை மாதிரி ஓட்டை போட வேண்டும். வெளியிலிருந்து டிரில் போடும்போது ஒவ்வொரு ஓட்டைக்கும் உள்பக்கம் பிசிறு நிற்கும். அந்தப் பிசிறை உருண்டை அரத்தால் ராவி எடுப்பது தெருவில் எல்லாரும் செய்கிற வேலை, எல்லாருக்கும் பிடிக்காத வேலை. கை மரத்துப்போகும், தூள் மூக்கில் ஏறும்.

சில வருஷத்துக்கு முன் ராசிகினுக்கு ஒரு யோசனை வந்தது. பிசிறு எடுத்த சைலன்சர் ஒன்று, எடுக்காதது ஒன்று, ரெண்டையும் மாற்றி மாற்றித் தன் வண்டியில் மாட்டி முறுக்கிப் பார்த்தார். ரெண்டும் ஒரே மாதிரி தும்தும்மென்று அடித்தொண்டையில்தான் பேசின. மயிரளவுகூட வித்தியாசமில்லை.

"இத்தனை வருஷமா வீணாக் கையைத் தேய்ச்சிருக்கோம்டா" என்று பக்கத்துப் பட்டறைக் கோமாரிடம் சொன்னார்.

கோமார் அவரைவிட ரெண்டு வயது இளையவன். வாய் நீளம். "உங்க பைப்பு உங்க இஷ்டம் காங். நான் ராவத்தான் போறேன்" என்றான். மூத்தவரை அந்தப் பக்கத்தில் காங் என்றுதான் கூப்பிடுவார்கள், மூத்த பெண்ணை யூ என்று.

அன்றோடு ராசிகின் உருண்டை அரத்தை ஆணியில் மாட்டினார். அதற்குப் பிறகு அவர் சரக்குக்கு இன்னும் கிராக்கி கூடியது. பையன்கள் தேடி வந்தார்கள். "காங், உங்க பைப்பு என்னமா கத்துது!" என்றார்கள். ராசிகினுக்கு அது பாராட்டாகத்தான் பட்டது. வேலையை மிச்சம் பிடித்தோம், வியாபாரமும் கூடியது, மூளை என்றால் இதுதான் என்று காலை நீட்டிப் படுத்துத் தூங்கினார். கொசுத் தொல்லைகூட வரவர இல்லாமல் போய்விட்டது.

தேர்தல் வந்தது. கட்சிக் கொடி கட்டிய வண்டிகள் ஊர் ஊராய் அலறிக்கொண்டு போயின. குழந்தை தூங்கவில்லை, நோயாளி தூங்கவில்லை என்று ஜனங்கள் புகார் சொல்லிச் சொல்லி, போலீஸ் சத்தம் போடும் சைலன்சர்களைக் கழற்றி அறுக்க ஆரம்பித்தது. நல்ல சைலன்சர் எது, கெட்டது எது என்று ரோட்டில் நிற்கிறவனுக்கு எப்படித் தெரியும்? புர்பலிங்கா சரக்கு என்றாலே சந்தேகம். ஜகார்த்தா கடைக்காரர்கள் கையை விரித்தார்கள்.

தெருச் சங்கத்துக்குத் தலைவர் தார்சுன். அவர் வீட்டில் கூடி, டீயும் பொரித்த மரவள்ளிக் கிழங்கும் தீரும்வரை பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். தெருவுக்குப் பொதுவாக ஒரு முத்திரை. எஃகில் வெட்டிய அச்சு, பட்டறைக்கு ஒன்று. சத்தம் வரம்புக்குள் இருக்கிற சைலன்சரில் மட்டும் அதைச் சுத்தியலால் அடிக்க வேண்டும். முத்திரை உள்ள சரக்கை மட்டும் எடுப்பதாகக் கடைக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். ஒவ்வொரு பட்டறைக்காரரும் தன் சைலன்சரை மீட்டர் முன்னால் முறுக்கிக் காட்ட வேண்டும், தேறினால் அச்சு கைக்கு வரும். தேறாவிட்டால் இன்னொரு தரம் வரலாம். அதிலும் தேறாதவன் தகரக் கூரைக்குத் தண்ணீர்க்குழாய் செய்து பிழைக்க வேண்டியதுதான். தார்சுன் அப்படியே சொன்னார்.

"எனக்கு எதுக்கு இன்னொரு தரம்?" என்றார் ராசிகின்.

வார்டு ஆபீஸுக்குப் பின்னால் இருக்கிற வாலிபால் மைதானத்தில் சோதனை. போலீஸ்காரர் ஒருத்தர் மீட்டரை மூன்றுகாலியில் நிறுத்தி வைத்திருந்தார். சின்ன வயசு, பெரியவர்களைப் பாக், அதாவது ஐயா, என்று கூப்பிடும் மரியாதையான ஆள். கோமார் வண்டி முதலில். தேறியது. இன்னும் சிலர் தேறினார்கள். ராசிகின் தன் வண்டியை நிறுத்தி, உதைத்து, முறுக்கினார். அடியிலிருந்து தும்தும்மென்று கிளம்பி, நெஞ்சுக்குள் இறங்குகிற மாதிரி அருமையான சத்தம். அவருக்கே பெருமையாக இருந்தது.

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். வலையோரம் மேய்ந்த கோழிகள் வேலிக்கு அந்தப் பக்கம் போயிருந்தன.

"காங், நிறுத்துங்க! பல்லு கூசுது, விழுந்துடும்போல இருக்கு!" என்று கோமார் கத்தினான்.

"விழட்டும். உனக்கு இருக்கறதே நாலு."

போலீஸ்காரர் மீட்டரைத் திருப்பிக் காட்டினார். "வரம்பத் தாண்டிடுச்சு பாக்."

"பேட்டரி இறங்கியிருக்கும்."

"இதே மீட்டர்தான் எல்லாருக்கும் வச்சேன் பாக்."

"அப்ப வெயில்ல காஞ்சிருக்கும். என் பைப்பு எவ்வளவு அடக்கமாப் பேசுது, உங்களுக்கே கேக்கலையா?"

போலீஸ்காரர் தார்சுனைப் பார்த்தார். தார்சுன் தரையைப் பார்த்தார். யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினான்.

"அடுத்த வாரம் வாங்க காங்" என்றார் தார்சுன். "கொஞ்சம் கவனமாச் செஞ்சுட்டு வாங்க. அப்பவும் ஆகலன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது. உங்க ஒருத்தருக்காக இளகிக் குடுத்தா தெருவுக்கே அச்சு இல்லாமப் போயிடும்."

ராசிகின் வண்டியைத் தள்ளிக்கொண்டே வீடு வந்தார். அத்தனை பேரும் பொறாமையில் கூட்டுச் சேர்ந்துவிட்டார்கள் என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை. காதைப் பொத்தினது நாடகம். கோழிகளுக்கு என்ன பொறாமை என்பதுதான் அவருக்குப் பிடிபடவில்லை.

ஆனாலும் அச்சு வேண்டும். அச்சு இல்லாவிட்டால் நாற்பது வருஷத் தொழில் மூட்டை கட்ட வேண்டியதுதான். உருளையைப் பிரித்து, கண்ணாடிப் பஞ்சை இன்னும் இறுக்கித் திணித்தார். முறுக்கினார். வாசலில் மெண்டோவான் தின்றுகொண்டிருந்த ரெண்டு பேர் தட்டோடு எழுந்து எதிர்ப்பக்கம் போனார்கள். உருளையை நீட்டினார். எதிர்வீட்டுக்காரி ஜன்னலைச் சாத்தினாள். வாயைச் சுருக்கி, சுருக்கினதுக்குள் இன்னொரு சுருக்கு வைத்தார். வண்டி மேட்டில் ஏற முடியாமல் மூச்சுத் திணறியது, குழாய் பழுக்கக் காய்ந்தது. அடித்தொண்டைச் சத்தம் பூனை உறுமுகிற அளவுக்கு இறங்கிவிட்டது. அப்போதும் போகிறவன் வருகிறவன் எல்லாம் முகத்தைச் சுளித்தான்.

"இதுக்கு மேல என்னடா அடக்கறது?" என்று சுத்தியலை விட்டெறிந்தார். "வண்டி செத்துடும். செத்த வண்டிதான் சத்தம் போடாது."

வாசிரா கரண்டியோடு வந்து நின்றாள்.

"கீச்சுன்னு இருக்கு பாக்னே."

"என்ன கீச்சு? எங்க கீச்சு? நீயுமா அவனுங்களோட சேந்துட்ட?"

அவள் உள்ளே போய்க் கெட்டிலில் தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்தாள். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க. இது சீட்டியடிக்கறப்ப சொல்லுங்க."

"இது அடிக்காது. டூப்ளிகேட்டுன்னு சொன்னேன்ல?"

"உக்காருங்கன்னா."

உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் மூக்கிலிருந்து ஆவி வந்தது. முதலில் மெலிசாக வந்தது, பிறகு கெட்டியாக வந்தது. ராசிகின் கையைக் கட்டிக்கொண்டு, "பாத்தியா? ஆவி வருது, சத்தம் வரல. சொன்னேன்ல?" என்றார். திரும்பிப் பார்த்தால் வாசிரா ரெண்டு உள்ளங்கையாலும் காதை அழுத்திக்கொண்டு நிற்கிறாள். கண்ணில் தண்ணீர். ஆவியாலா வேறெதாலா தெரியவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கோமாரின் குரல் வந்தது.

"யூ வாசிரா! அந்தக் கெட்டில இறக்குங்க! காது கிழியுது!"

கோமார் கத்தினது ராசிகினுக்கு நன்றாகக் கேட்டது. கெட்டில்தான் கேட்கவில்லை.

வாசிரா அடுப்பை அணைத்தாள். ராசிகின் எழுந்து மூக்குப் பக்கம் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். சுட்டது. கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றார்.

"எப்பலேருந்து?"

"கொசு குறைஞ்சுபோச்சுன்னு சொன்னீங்களே, அப்பலேருந்து."

"குறையலையா?"

"ராத்திரி பூரா உங்களைச் சுத்திப் பாடிட்டுத்தான் இருக்கு. நான்தான் எழுந்து எழுந்து விரட்டறேன்."

"ஏன்டி சொல்லல?"

"உங்களுக்கே தெரியும், வெளிய தெரிஞ்சா பேரு போயிடும்னு மறைக்கறீங்கன்னு நெனச்சேன். கெட்டில் மூக்கத் துளைக்கறேன்னப்பதான் புரிஞ்சுது, தெரியாதுன்னு. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

ராசிகின் வெளியே போய் ஒரு கிராம்பு சிகரெட்டைப் பற்றவைத்தார். அது படபடவென்று பொரிந்து எரியும், சின்ன வயதில் அந்தச் சத்தத்துக்காகவே அவருக்கு அது பிடிக்கும். அது பொரிந்து கேட்டு எத்தனை நாளாயிற்று என்று யோசித்தார். முழுசாகக் குடிக்காமல் அணைத்துவிட்டு உள்ளே வந்து படுத்துவிட்டார். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை.

மறுநாள் காலை வாசிரா கடை போட்டுக்கொண்டிருக்கும்போது அவர் பக்கத்தில் வந்து நின்றார். டெம்பே என்கிற சோயாக்கட்டித் துண்டுகள் மாவோடு எண்ணெயில் விழுந்து சீறின. மெண்டோவான் மொறுமொறுப்பாகக் கூடாது. பாதி வெந்து, தொட்டால் துவளுகிற பதத்தில் எடுக்க வேண்டும். வாசிரா எண்ணெயைப் பார்க்கக்கூட இல்லை. எதிர்வீட்டுக்காரியோடு பேசிக்கொண்டே, சட்டென்று கரண்டியை விட்டு அள்ளினாள்.

"எப்படித் தெரியுது, எடுக்கணும்னு?"

"சீறல் இறங்க ஆரம்பிக்கும்ல, அப்ப எடுத்துடணும். அடங்கற வரைக்கும் விட்டா அப்பளமாப் போயிடும்." சொன்ன பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். "ஏன் கேக்கறீங்க?"

"அடுப்ப அணைச்சுட்டு வா."

"வாடிக்கை நிக்குது."

"நிக்கட்டும். எனக்கு அச்சு வேணும்."

பின்கட்டில் வண்டியை நிறுத்தி, வாயில் வைத்த சுருக்குகளையெல்லாம் பிடுங்கியெறிந்துவிட்டு முறுக்கினார். வாசிரா தலையைச் சாய்த்து நின்றாள்.

"சொல்லு."

"கீழ மசூதி முரசு மாதிரி. அது நல்லாத்தான் இருக்கு. அதுக்கு மேல ஒண்ணு இருக்கு. ஈர விறகு எரியறப்ப அழும்ல, அந்த மாதிரி. இன்னும் மோசம்."

"மேலயா?"

"மேலதான். அதுதான் ஜாஸ்தி. முரசே மறைஞ்சுபோகுது."

ராசிகினுக்கு அந்த 'மேல' என்பது ஒரு வீட்டில் மாடி இருப்பதே தெரியாமல் குடியிருந்த மாதிரி இருந்தது. பையன்கள் என்னமா கத்துது, என்னமா கத்துது என்று சொன்னது எதை என்று இப்போது விளங்கியது. அவர் முரசை விற்பதாக நினைத்திருந்தார். அவர்கள் வாங்கிப் போனது இன்னொன்றை.

"எருமைக்குப் பொறந்தவனுங்க" என்றார். யாரைச் சொன்னார் என்று வாசிரா கேட்கவில்லை.

வெளித் தகட்டைக் கனமாகப் போட்டுப் பார்த்தார். வாசிரா உதட்டைப் பிதுக்கினாள். பஞ்சை மாற்றினார். அதற்கும் பிதுக்கினாள். பின்மூடியை மாற்றி வெல்டு வைத்தார்.

"அப்படியேதான் இருக்கு. போய்க் கடையப் பாக்கட்டுமா?"

"இரு."

துளைக்குழாயை உருவி வெளியே எடுத்துக் குறட்டில் மாட்டினார். உள்ளே ஏதாவது அடைத்திருக்கிறதா என்று சுட்டுவிரலை விட்டுத் துழாவினார். சுரீரென்றது. விரலை இழுத்தால் ரத்தம். குழாயை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். உள்ளே சுற்றிலும் பிசிறு, பலாக்காய்த் தோலை உள்பக்கமாகத் திருப்பி வைத்த மாதிரி. அத்தனை முள்ளிலும் காற்று மோதித்தான் வெளியே வருகிறது.

ரத்த விரலை வாயில் வைத்துக்கொண்டு ஆணியில் தொங்கிய உருண்டை அரத்தை எடுத்தார். அதில் சிலந்தி கூடு கட்டியிருந்தது.

"இதுவா?" என்றாள் வாசிரா.

"தெரியல. நீதான் சொல்லணும்."

பாதிக் குழாயை மட்டும் ராவி, மாட்டி, முறுக்கினார். வாசிரா கையைத் தூக்கி இறக்கினாள். "பாதி போச்சு பாக்னே! நிஜமா, பாதி போச்சு!"

அவருக்கு அதே தும்தும்தான். முன்னேயும் அதுதான், இப்போதும் அதுதான். அவள் முகத்தைப் பார்த்துத்தான் நம்ப வேண்டியிருந்தது. அன்று முழுக்க உட்கார்ந்து ராவினார். கை மரத்தது, தூள் மூக்கில் ஏறியது. விரலை விட்டுத் தடவி, முள் தட்டிய இடத்தில் மறுபடி ராவினார். வாசிரா கடைக்கும் பின்கட்டுக்கும் நடந்தாள். அன்றைக்கு மெண்டோவான் வாங்கினவர்களுக்கெல்லாம் அப்பளம்தான் கிடைத்தது.

அடுத்த சோதனைக்கு வாசிராவும் மைதானத்துக்கு வந்தாள். ராசிகின் முறுக்குவதற்கு முன்பே கோமார் காதைப் பொத்திக்கொண்டான். பொத்தியவன் மெல்ல ஒரு கையை எடுத்தான். அப்புறம் மற்றதையும். கோழிகள் வேலிக்கு இந்தப் பக்கமே மேய்ந்தன. ராசிகின் மீட்டரைப் பார்க்கவில்லை, கோழிகளைத்தான் பார்த்தார்.

"தேறிடுச்சு பாக்" என்றார் போலீஸ்காரர். "ஆனா கோட்டுக்குக் கிட்டதான் இருக்கு. அடுத்தது இதைவிட ஏறிடாமப் பாத்துக்குங்க."

தார்சுன் எஃகு அச்சைத் துணியில் சுற்றி வைத்திருந்தார். எல்லாருக்கும் சொன்னதையே அவருக்கும் சொன்னார். "காங், செய்யற ஒவ்வொண்ணையும் மாட்டி, காதால கேட்டுட்டுத்தான் அடிக்கணும். மீட்டர் தினம் வராது. கேக்காம அடிச்சது ஒண்ணு ரோட்டுல மாட்டினாலும் தெருவுக்கே போச்சு. உங்க காத நம்பித்தான் குடுக்கறேன்."

வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ராசிகின் கையை நீட்டினார், பாதியில் நிறுத்தினார்.

"அவகிட்டக் குடு."

"யாருகிட்ட?"

"இவகிட்ட. எனக்குக் கேக்காது. கெட்டில் கத்தினாலே கேக்கறதில்ல." சத்தமாகத்தான் சொன்னார். வாயில் வந்துவிட்டதை இனிமேல் சின்னதாகச் சொல்லி என்ன ஆகப்போகிறது? "கேக்கறது இவதான். அடிக்கறதும் இவளே அடிக்கட்டும்."

கூட்டத்தில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. வாசிரா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அச்சை வாங்கினாள்.

"எனக்கு அன்னிக்கே தெரியும் காங்" என்றான் கோமார், வண்டியைத் தள்ளிக்கொண்டு கூடவே வரும்போது. "கெட்டில இறக்கச் சொல்லிக் கத்தினேனே, அன்னிக்கே."

"தெரிஞ்சும் ஊர் பூரா சொல்லாம இருந்தியே, எப்படிடா முடிஞ்சது?"

"கஷ்டமாத்தான் இருந்துச்சு."

கோமார் சிரிக்காமல் கொஞ்சதூரம் வந்தான். அப்புறம், "என் வீட்ல டிவி சத்தம் ஜாஸ்தின்னு சண்டை போடறா காங். எனக்கு என்னமோ சரியாத்தான் இருக்கற மாதிரி இருக்கு" என்றான்.

ராசிகின் அவனைத் திரும்பிப் பார்த்தார்.

அந்த வாரமே கோமார் மெண்டோவான் வாங்குகிற சாக்கில் ஒரு சைலன்சரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தான். "யூ, சும்மா ஒரு தடவை கேட்டுச் சொல்லுங்க" என்றான். பிறகு தெருக்கோடிப் பட்டறைக்காரர் வந்தார். பிறகு தார்சுனே வந்தார், சைலன்சரைச் சாக்குப் பையில் மறைத்து எடுத்துக்கொண்டு. தகடு தட்டித் தட்டி அந்தத் தெருவில் ஐம்பதைத் தாண்டின எவனுக்கும் அந்த 'மேல' சத்தம் முழுசாகக் கேட்பதில்லை, மாடி அரைகுறைதான் என்பது மெல்ல மெல்ல வெளியே வந்தது. ஆனால் யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. மெண்டோவான் வியாபாரம் மட்டும் நன்றாக நடந்தது.

அச்சு இப்போது வாசிராவின் கடை மேஜையில், மிளகாய்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ராசிகின் வேலை முடித்து வண்டியில் மாட்டிவிட்டு, "மாக்னே!" என்று குரல் கொடுப்பார். அவள் ஒரு ஈடு எடுத்துவிட்டு வருவாள். தலையைச் சாய்ப்பாள். நல்லது என்றால் சுத்தியலை எடுத்து ஒரே அடி. பழைய மாதிரி கத்துகிற பைப் கேட்டு வரும் பையன்களும் உண்டு. அவர்களை ராசிகின் என்ன சொல்லித் துரத்துகிறார் என்பதை இங்கே எழுத முடியாது.

போன வாரம் ஜகார்த்தாவுக்கு அவசரச் சரக்கு. லாரி தெருமுனையில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. கடைசி சைலன்சரை மாட்டி முறுக்கினார். வாசிரா கேட்டாள். சுத்தியலைத் தொடவில்லை.

"இது சீறுது."

"எங்க சீறுது? நேத்து செஞ்ச அதே கை, அதே அரம். லாரி நிக்குது பாரு. அடி."

"மாட்டேன். பிரிங்க."

"கொஞ்சூண்டுதான இருக்கும்?"

"கொஞ்சூண்டோ நிறையவோ, உங்களுக்கா கேக்குது? பிரிங்கன்னா."

லாரிக்காரன் மறுபடி ஹாரன் அடித்தான். அது ராசிகினுக்கு நன்றாகவே கேட்டது. அவனைத் திட்டினார், அவளைத் திட்டினார், டிரில் கண்டுபிடித்தவனைத் திட்டினார். உருளையைக் கழற்றிக் குறட்டில் மாட்டி, துளைக்குழாயை உருவி, உள்ளே விரலை விட்டார். வாய்க்குக் கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரே ஒரு முள் தட்டியது.

ஆணியிலிருந்து அரத்தை எடுத்தார். வாசிரா அதற்குள் அடுப்புக்குப் போய்விட்டாள், எண்ணெயில் சீறல் இறங்குகிறதென்று.